கடற்பஞ்சின் செல்மேல் உள்ள சர்க்கரைகளை ஆராய்வது எப்படி

ஒரு துண்டு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் முடிந்து, கடல்நீருக்குள் அமிழ்த்திப் பிழிந்தால், துணியின் மறுபக்கம் கலங்கலாகத் தனித்தனிச் செல்கள் வெளியே வரும். அந்தக் கலங்கலை அப்படியே விட்டுவைத்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறு உருண்டைகளாகத் திரண்டு, நாளடைவில் மறுபடியும் ஒரு கடற்பஞ்சாகவே வளர்ந்துவிடும். எச். வி. வில்சன் இதை 1907-ல் எழுதினார். ஒரு செல் இன்னொரு செல்லை எப்படி அடையாளம் காண்கிறது என்ற கேள்விக்கு விலங்குலகத்தில் கிடைத்த முதல் பிடி இதுதான். அந்த அடையாளத்தில் பெரும்பங்கு செல்லின் மேல் நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு உண்டு என்பது தெரியவர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்த லெக்டின் வாங்கலாம் என்றுதான். லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம், ஒளிரும் சாயம் ஏற்றிச் செல்லில் போடுவார்கள். அது அப்புறம். முதலில் செல்களைப் பிரித்து, மறுபடி சேரவைத்துப் பாருங்கள். சேர்கிறதா, இல்லையா என்று கண்ணால் பார்க்கும் ஒரு சோதனை கையில் இருந்தால்தான், பின்னால் எந்தச் சர்க்கரையை வெட்டினாலும் மறைத்தாலும் அது வேலைக்கு உதவுகிற சர்க்கரையா, சும்மா அங்கே இருக்கிற சர்க்கரையா என்று சொல்ல முடியும். அது இல்லாமல் லெக்டின் மட்டும் போட்டால் அழகான பச்சைப் படங்கள் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

ஒரு சின்ன விஷயம், பெயர் பற்றி. கடற்பஞ்சைச் சிலர் கடற்பாசி என்று எழுதிவிடுகிறார்கள். பாசி வேறு, இது விலங்கு, துளையுடலி. சர்க்கரை ஆராய்ச்சியில் இந்தக் குழப்பம் கொஞ்சம் ஆபத்தானது, ஏனென்றால் பாசிகளிலும் கந்தகமேறிய பாலிசாக்கரைடுகள் நிறைய உண்டு, தேடும்போது இரண்டு தகவலும் கலந்துபோகும்.

விலங்கை எடுப்பதும் வைத்திருப்பதும்

எடுக்க அனுமதி தேவையா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். கைப்பிடி அளவு போதும். ஒட்டியிருக்கும் அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டினால் பெரும்பாலான இனங்கள் மறுபடி வளரும். கையுறை கட்டாயம் போடுங்கள், கண்ணாடி முள் போன்ற சிலிக்கா முட்கள் தோலில் ஏறும், டெடேனியா இக்னிஸ் போன்ற சில இனங்கள் தொட்டாலே தோலைப் புண்ணாக்கும்.

தண்ணீரை விட்டு வெளியே தூக்காதீர்கள். உள்ளிருக்கும் கால்வாய்களில் காற்று புகுந்துவிட்டால் வெளியேறாது, அந்தப் பகுதி அழுக ஆரம்பிக்கும். பையையோ வாளியையோ நீருக்குள்ளேயே கொண்டுபோய், துண்டை அதற்குள் நகர்த்தி, அப்படியே எடுத்துவாருங்கள். எடுத்த இடத்துக் கடல்நீரும் அதே வெப்பநிலையும் இருக்கட்டும், முடிந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள். அழுகல் வாடை வந்துவிட்ட துண்டில் சோதனை செய்யவே வேண்டாம்.

ஒரு சிறு துண்டை ஆல்கஹாலில் தனியாக எடுத்து வையுங்கள். இன்னொரு துளியைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில், அதாவது சாதாரண பிளீச்சில், போட்டால் சதை கரைந்து முட்கள் மட்டும் மிஞ்சும். அந்த முட்களின் வடிவத்தை வைத்துத்தான் பெரும்பாலும் இனத்தை உறுதிசெய்வார்கள். இனப்பெயர் தப்பாக இருந்தால் பின்னால் வரும் எல்லா முடிவும் தப்பான விலங்கின் பெயரில் போய்ச் சேரும்.

எந்த இனம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், பாக்டீரியா குறைவாக உள்ள இனமாகப் பாருங்கள். சில கடற்பஞ்சுகளில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுண்ணுயிரிகளே இருக்கும். அவற்றின் செல்சுவரிலும் சர்க்கரைதான். நீங்கள் அளப்பது யாருடைய சர்க்கரை என்ற கேள்வி கடைசிவரை கூடவே வரும். இந்தத் துறையின் பழைய வேலைகளில் பெரும்பகுதி மைக்ரோசியோனா புரோலிஃபெரா என்ற செந்நிறக் கடற்பஞ்சில் நடந்தது, இப்போது அதன் பெயர் கிளாத்ரியா புரோலிஃபெரா. தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

கால்சியம் இல்லாத கடல்நீர்

1963-ல் டாம் ஹம்ஃப்ரீஸ் செய்தது இதுதான்: துணியில் பிழிந்த செல்களைக் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத செயற்கைக் கடல்நீரில் குளிரில் வைத்தார். செல்கள் பிரிந்ததோடு, அவற்றை ஒட்டவைக்கும் பொருளும் கழன்று நீருக்குள் வந்துவிட்டது. அந்த நீரையும் கால்சியத்தையும் திருப்பிச் சேர்த்தபோது செல்கள் மறுபடி ஒட்டின. அதே காலத்தில் மொஸ்கோனாவும் இதே திசையில் வேலை செய்தார். அந்தப் பொருளுக்குத் திரட்டுக் காரணி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த நீரை நீங்களே கலக்கலாம். 1 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 27 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபேட் 1 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.8 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.18 கிராம். வடித்த நீரில் கரைத்து, பி.எச். அளவைப் பார்த்து, வடிகட்டிக் குளிரில் வையுங்கள். கால்சியம் குளோரைடைத் தனியாக 1 மோலார் கரைசலாகச் செய்துவைத்துக்கொண்டால் வசதி: 1 மில்லிலிட்டர் செல் கலங்கலுக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டால் சுமார் 10 மில்லிமோலார், அதாவது கடல்நீரில் இயல்பாக இருக்கும் அளவே வந்துவிடும்.

பாலூட்டிச் செல்களில் பழகியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு, நானும் முதல் வாரத்தில் செய்தேன். கை பழக்கத்தில் ஃபாஸ்ஃபேட் உப்புநீரை எடுத்துச் செல்களைக் கழுவினேன். கடல்நீரின் உப்பழுத்தத்தோடு பார்த்தால் அது மூன்றில் ஒரு பங்குதான், செல்கள் ஊதி வெடித்துவிட்டன. வெளியே சிந்திய டி.என்.ஏ. மிச்சம் இருந்த செல்களையெல்லாம் ஒரு வழவழப்பான நூலாகப் பிடித்துக்கொண்டது, அதைப் பார்த்து செல்கள் அருமையாகத் திரள்கின்றன என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். கால்சியமே போடாத குழாயிலும் அதே நூல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபாஸ்ஃபேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு, கால்சியம் சேர்த்தால் வெள்ளையாகப் படியும். ஆகவே பஃபர் வேண்டுமென்றால் உப்பு நிறைந்த நீரில் டிரிஸ் அல்லது ஹெப்பெஸ், 20 மில்லிமோலார் போதும். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் டிரைபான் நீலத்தையும் கடல்நீரிலேயே கரைத்துக்கொள்ளுங்கள், கடையில் வரும் கரைசலை அப்படியே ஊற்றினால் நல்ல செல்லும் செத்ததாகத் தெரியும்.

பிரித்துச் சேர்த்துப் பார்ப்பது

கடற்பஞ்சைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குளிர்ந்த கால்சியமற்ற கடல்நீரில் ஒருமுறை அலசி, நைலான் வலையில் வைத்து அதே நீருக்குள் மெதுவாகப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், அழுத்தி விட்டால் போதும். பிழிந்ததை ஐஸில் வைத்து மெதுவாக ஆட்டிக்கொண்டிருங்கள். பிறகு மையவிலக்கியில் குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுற்றினால் செல்கள் அடியில் படியும். மேல்நீரைக் கொட்டிவிடாதீர்கள், திரட்டுக் காரணி அதில்தான் இருக்கிறது. அதைத் தனிக் குழாயில் ஐஸில் வையுங்கள். செல்களை இன்னும் இரண்டு மூன்று முறை கழுவி, எண்ணி, மில்லிலிட்டருக்கு 1 கோடி என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது நான்கு சிறு குப்பிகள். ஒன்றில் செல் மட்டும், ஒன்றில் செல்லும் கால்சியமும், ஒன்றில் செல்லும் மேல்நீரும், கடைசியில் மூன்றும். எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில் சுழலும் மேடையில், 5 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள். குளிர் ஏன் என்றால், அறை வெப்பத்தில் செல்கள் காரணியை மறுபடி தாங்களே உண்டாக்கி ஒட்ட ஆரம்பித்துவிடும், நீங்கள் சேர்த்த காரணியால் ஒட்டியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளிரில் அந்த உற்பத்தி நின்றுவிடும்.

அரைமணி நேரம் கழித்து நான்காவது குப்பியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மற்ற மூன்றும் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரே கலங்கலாக இருக்கும். இதில் நீர் தெளிந்து, நடுவில் குங்குமத்தூள் அளவில் மணிமணியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்க்கும்போது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், நிற்க வேண்டியதுதான். அப்புறம் எண்ண ஆரம்பியுங்கள். உருண்டைகளை எண்ணுவதைவிட, ஒட்டாமல் தனியாக மிஞ்சிய செல்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுவது நம்பகமானது. காரணியின் வலுவை அளக்க, மேல்நீரைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த நீர்ப்பு வரை திரள்கிறது என்று குறித்தால் போதும்.

இரண்டு இனம் கிடைத்தால், நிறம் வேறாக இருந்தால், கலந்தும் பாருங்கள், ஒவ்வொன்றும் தன் இனத்தோடு மட்டும் சேர்கிறதா என்று. ஹம்ஃப்ரீஸ் மைக்ரோசியோனாவையும் ஹாலிக்ளோனாவையும் இப்படிப் பார்த்தார். ஆனால் எல்லா ஜோடியும் சுத்தமாகப் பிரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில ஜோடிகள் முதலில் கலந்து ஒட்டி, பிறகு உருண்டைக்குள்ளேயே பிரியும். அதனால் ஒரே ஒரு நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு எழுதாதீர்கள்.

காரணியைப் பிரித்தெடுப்பது

திரட்டுக் காரணி மிகப் பெரிய புரோட்டியோகிளைக்கான், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிய புரதம். மைக்ரோசியோனாவில் அதன் எடை சுமார் 2 கோடி டால்டன், மின்னணு நுண்ணோக்கியில் நடுவில் வளையமும் சுற்றிலும் கைகளுமாகச் சூரியன் வரைந்தது போல் இருக்கும். இவ்வளவு பெரியது என்பதால் அதிவேக மையவிலக்கியில் அடியில் இறக்கிவிடலாம். முதலில் நடுத்தர வேகத்தில் சுற்றிச் செல் சிதைவுகளையும் பாக்டீரியாவையும் நீக்குங்கள், பிறகு தெளிந்த நீரை 1,00,000 ஜி அளவில் சுற்றுங்கள். கிடைக்கும் படிவு வழவழப்பாக, கண்ணாடி போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். குழாயை எடுக்குமுன் படியும் பக்கத்தை மார்க்கரால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கால்சியத்தின் அளவு நுட்பமானது. அறவே இல்லாவிட்டால் காரணி உடைந்துபோகும், 10 மில்லிமோலார் வந்தால் தானே தன்னோடு ஒட்டிக் கூழாகும். ஓரிரு மில்லிமோலாரில் வைத்திருந்தால் கரைந்தும் இருக்கும், உடையாமலும் இருக்கும். ஈ.டி.டி.ஏ. போட்டுச் செல்களை எளிதாகப் பிரிக்கலாம் என்று பலர் எழுதுவார்கள். செல்கள் மட்டும் வேண்டுமென்றால் சரி. காரணியும் வேண்டுமென்றால் கூடாது, கால்சியத்தை முழுக்க உறிஞ்சிவிட்டால் அந்தச் சூரிய வடிவம் சிதறும், பிறகு எவ்வளவு கால்சியம் திருப்பிப் போட்டாலும் வேலை திரும்பாது. மூன்று நாள் சேர்த்துவைத்த மேல்நீர் முழுவதையும் நான் இப்படி இழந்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

லெக்டின்: ஒட்டியது எதில்?

இப்போது லெக்டினுக்கு வரலாம். கான்-ஏ மானோஸை நாடும், கோதுமை முளை லெக்டின் என்-அசிட்டைல் குளுக்கோசமைனை நாடும், யூலெக்ஸ் லெக்டின் ஃபியூகோஸை நாடும், நிலக்கடலை லெக்டின் கேலக்டோஸ் முனையை நாடும். இந்த நான்கும் தொடக்கத்துக்குப் போதும்.

உயிருள்ள செல்லில் நேரடியாகப் போட்டால் லெக்டினே செல்களைத் திரட்டிவிடும், ஒரு மூலக்கூறில் பல பிடிகள் இருப்பதால். அதனால் முதலில் வடிகட்டிய கடல்நீரில் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்துங்கள். அந்த நீரில் டிரிஸ் இருக்கக் கூடாது, அது ஆல்டிஹைடோடு வினைபுரியும். குளுட்டரால்டிஹைடு வேண்டாம், அதுவே பச்சையாக ஒளிரும். லெக்டின் கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்கப் போடும் மறைப்புக்குப் பால்பொடியோ சீரமோ போடாதீர்கள், அவற்றிலேயே சர்க்கரை ஏறிய புரதங்கள் உண்டு, லெக்டின் அவற்றோடு போய்விடும். தூய ஆல்புமின் போதும். கான்-ஏ வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். கால்சியமற்ற நீரிலேயே போட்டுவிட்டு, இந்த இனத்தில் மானோஸ் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் போட்டிச் சர்க்கரை. ஒவ்வொரு லெக்டினுக்கும் பக்கத்தில் ஒரு குழாய், அதில் அந்த லெக்டின் நாடும் சர்க்கரையை முன்கூட்டியே கலந்துவையுங்கள். கான்-ஏவுக்கு மெத்தில் ஆல்ஃபா மானோசைடு 0.2 மோலார். ஒளி அணைந்தால் அது சர்க்கரையில் ஒட்டியது. அணையாவிட்டால் அந்த ஒளியை நம்ப வேண்டாம். லெக்டினே போடாத ஒரு குழாயும் வேண்டும், ஏனென்றால் கடற்பஞ்சில் இயல்பான ஒளிர்வு நிறைய. ஒட்டிவாழும் சயனோபாக்டீரியாவின் பச்சையம் சிவப்பாக எரியும், முட்களும் பளபளக்கும்.

கோதுமை முளை லெக்டினில் நான் ஒருமுறை முழுசாக ஏமாந்தேன். செல்லின் ஓரம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக அவ்வளவு தெளிவாக ஒளிர்ந்தது, போட்டிச் சர்க்கரையில் ஒழுங்காக அணையவும் செய்தது. டி.என்.ஏ. சாயம் சேர்த்துப் பார்த்தால், புள்ளி ஒவ்வொன்றும் செல்லில் ஒட்டியிருந்த ஒரு பாக்டீரியா, 1 மைக்ரோமீட்டர் அளவில். பாக்டீரியாச் சுவரின் சர்க்கரையையும் இந்த லெக்டின் நன்றாகவே பிடிக்கும். அன்றிலிருந்து டி.என்.ஏ. சாயம் இல்லாமல் ஒரு ஸ்லைடு கூடப் பார்ப்பதில்லை. இதே லெக்டின் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையையும் பிடிக்கும் என்பதால் சிலர் அதைக் கண்டுவிட்டதாக எழுதுவார்கள். கடற்பஞ்சுகளில் சயாலிக் அமிலம் பொதுவாகக் காணப்படுவதில்லை, ஆகவே அப்படிச் சொல்லத் தனி வேதிச் சான்று வேண்டும்.

சர்க்கரைதான் காரணம் என்று காட்டுவது

இருக்கிறது என்பது ஒன்று, வேலை செய்கிறது என்பது வேறு. மிதமான சோடியம் பெரயோடேட், சில மில்லிமோலார், ஐஸில், இருட்டில். அடுத்தடுத்து ஹைட்ராக்சில் உள்ள சர்க்கரை வளையங்களை அது வெட்டும், புரதத்தை அதிகம் தொடாது. மிச்சமிருக்கும் பெரயோடேட்டைக் கிளிசரால் போட்டு நிறுத்தி, டயலிசிஸ் செய்து, மறுபடி அந்த நான்கு குப்பிச் சோதனையில் போட்டுப் பாருங்கள். பஃபரில் டிரிஸ் இருந்தால் பெரயோடேட்டை அதுவே தின்றுவிடும், செல்லுக்கு ஒன்றும் மிஞ்சாது. முன்கூட்டியே கிளிசராலோடு கலந்துவைத்த பெரயோடேட்டும் ஒரு கண்ட்ரோலாக இருக்கட்டும்.

கந்தகமேறிய சங்கிலிகளைக் கண்டுகொள்ள ஆல்சியன் நீலம் எளிது. பி.எச். 1-ல் சல்ஃபேட் உள்ளவை மட்டும் நீலமாகும், 2.5-ல் கார்பாக்சில் உள்ளவையும் சேர்ந்து நீலமாகும். இரண்டு ஸ்லைடையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

அடுத்தது சங்கிலியைக் கழற்றுவது. புரோனேஸ் என்ற நொதியில் நாள்கணக்கில் புரதத்தை அரித்துவிட்டால் சங்கிலிகள் மிஞ்சும். மைக்ரோசியோனாவில் இப்படி இரண்டு முக்கிய அளவுகள் கிடைத்தன: 200 கிலோடால்டன் உள்ள ஜி-200, 6 கிலோடால்டன் உள்ள ஜி-6. காரணி தன்னோடு தான் கால்சியத்தின் உதவியால் ஒட்டுவது பெரியதால், செல்லைப் பற்றிக்கொள்வது சிறியதால். மிசெவிச், பர்கர் குழு உருவாக்கிய ஆன்டிபாடிகள் திரள்வதைத் தடுத்தன. அவை பிடித்த இடங்களை ஸ்பில்மன் 1993-லும் 1995-லும் கண்டறிந்தார். ஒன்று பைருவேட் ஏறிய மூன்று சர்க்கரைத் துண்டு, மற்றது சல்ஃபேட் ஏறிய இரண்டு சர்க்கரைத் துண்டு, இரண்டிலும் ஃபியூகோஸ் உண்டு. பாலூட்டிகளுக்கான பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடியிருந்தால் இவை அகப்பட்டிருக்கவே மாட்டா. நிறைநிரல்மானியில் சல்ஃபேட் எளிதில் உதிர்ந்துவிடும், நேர்மின் முறையில் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாமல் எதிர்மின் முறையிலும் ஓட்டுங்கள்.

கழற்றிய சங்கிலியைத் தனியாகக் கரைசலில் விட்டு, கால்சியம் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு பிடியும் பலவீனமானது, நூறு நூல் சேர்ந்து வடமாவது போல நெருக்கமாக இருந்தால்தான் வலு வரும். 1987-லேயே மிசெவிச், ஃபின்னே, பர்கர் மூவரும் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கொத்தாக்கியபோது செயல் திரும்பியதைக் காட்டினார்கள். அதனால் சங்கிலிகளை நிறமூட்டிய நுண்மணிகளின் மேல் நெருக்கமாகப் பூசுங்கள். 2004-ல் புச்சோரும் உடன் வேலை செய்தவர்களும் அணுவிசை நுண்ணோக்கியில் அளந்தபோது, புரதமே இல்லாமல் சர்க்கரைக்கும் சர்க்கரைக்கும் இடையே 190 முதல் 310 பிகோநியூட்டன் வரை இழுவிசை இருந்தது. ஆன்டிபாடியும் அதன் இலக்கும் பிடித்துக்கொள்ளும் விசை அதே ஆய்வில் 244. ஒரே இனத்துச் சங்கிலிகளுக்கு இடையே விசை கூடுதல், இனம் மாறினால் குறைவு.

இந்த விசைமானி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. மணிகள் இருந்தால் போதும். ஓர் இனத்துச் சங்கிலியைச் சிவப்பு மணியிலும் இன்னோர் இனத்துச் சங்கிலியை மஞ்சள் மணியிலும் பூசி, சம அளவில் கலந்து, ஒரு குழாயில் 10 மில்லிமோலார் கால்சியம், இன்னொன்றில் எதுவும் இல்லாமல், அதே சுழல்மேடையில் வையுங்கள். பிறகு ஒரு துளியை ஸ்லைடில் அழுத்தாமல் எடுத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் ஒவ்வோர் உருண்டையிலும் எத்தனை சிவப்பு, எத்தனை மஞ்சள் என்று எண்ணுங்கள். 100 உருண்டையாவது எண்ணுங்கள், எந்தக் குழாய் எது என்று தெரியாத வேறொருவரை எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது.